பலித்ததா, நிறைவேறியதா?

காங்கயத்துக்காரர் ஒருவர் கேட்டது இது. ஈரோட்டில் கூட வேலை செய்கிற நண்பர் கூப்பிட்டார் என்று இந்த வருஷம் இயேசு சிலுவையில் செத்ததை நினைக்கிற பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போயிருக்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து மூன்று மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். முதல்முறை வருகிறவர் அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்கே ஒரு கும்பிடு போடலாம். அங்கே பழைய ஏற்பாட்டிலிருந்து, மற்றவர்களுக்காக அடிபட்டுச் சாகிற ஒருவரைப் பாடுகிற ஏசாயா 53ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "இயேசு பொறக்கறதுக்கு 700 வருஷத்துக்கு முன்னாடியே அப்படியே எழுதி வெச்சிருக்குதுங்க" என்று போதகர் சொன்னாராம். இவருடைய கேள்வி: "எங்கள் ஊர்ப் பக்கம் சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. ஒரு பொருளை வைத்த பிறகு ஏதாவது நடந்தால், இதற்காகத்தான் ஆண்டவன் அதை வைக்கச் சொன்னான் என்போம். நீங்கள் சொல்வதும் அப்படிப் பின்னாலிருந்து பொருத்துவதுதானே? அப்புறம், மன்னிக்க மனசிருக்கிற கடவுளுக்கு எதற்கு ஒரு சாவு? கடைசியாக ஒன்று. எங்கள் குலதெய்வக் கிடா வெட்டுக்கு அதே நண்பர் வந்தார், கறியைத் தொடவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

நான் போதகர் இல்லை. அப்பா உபதேசியார், அதாவது கிராமத்துச் சபைகளில் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊழியர்; காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் சபை சபையாகப் போனவர். நான் முப்பது வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் எடுத்தவன். இந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே எனக்கும் சந்தேகங்கள் வந்தன. அவற்றைத் தீர்க்கக் கொஞ்சம் எபிரேயுவும் கொஞ்சம் கிரேக்கமும் படித்தேன். அந்த அளவில் சொல்கிறேன்.

பெட்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சிவன்மலையில் இருப்பது சுப்பிரமணியசாமி கோயில். ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்று சொன்னால், அவர் கோயிலுக்கு வந்து அதைச் சொல்ல வேண்டும். சாமியிடம் பூப் போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பழைய பொருளை எடுத்துவிட்டு இதை வைப்பார்கள். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இந்த உவமையை நான் தள்ளமாட்டேன். கிறிஸ்தவர்களிலேயே பல பேர் தீர்க்கதரிசனத்தை நாடி சோதிடம் மாதிரி நினைக்கிறார்கள். ஏட்டில் பேரும் ஊரும் எழுதியிருந்தது, அப்படியே பலித்தது, முடிந்தது கதை. பெட்டி அதைவிட விஷயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பொருள் முதலில் வருகிறது, அர்த்தம் பின்னால் வருகிறது. எங்கள் வேதத்தில் இருக்கிற சொல்லும் "பலித்தது" இல்லை, "நிறைவேறியது". இயேசுவின் கதையை நற்செய்தியாக எழுதிய நால்வரில் ஒருவரான மத்தேயு எழுதுகிற கிரேக்க வினைச்சொல் பிளேரோ. நிரப்புவது என்று அர்த்தம். மீனால் வலை நிறைந்தது என்று 13ஆம் அதிகாரத்தில் சொல்கிறாரே, அங்கேயும் இதே சொல்தான்.

ஒரு உதாரணம் பாருங்கள். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று ஓசியா 11:1இல் இருக்கிறது. அங்கே குமாரன் என்றால் இஸ்ரவேல் ஜனம். மோசே காலத்தில் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த பழைய கதையைத்தான் ஓசியா சொல்கிறார். அதில் வரப்போகிறது என்று எதுவுமே இல்லை. மத்தேயுவோ, குழந்தை இயேசுவை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்பி வந்ததைச் சொல்லும்போது, இந்த வசனம் நிறைவேறியது என்கிறார். சோதிடக் கணக்கில் பார்த்தால் இது தப்பாட்டம். ஆனால் மத்தேயு ஓசியாவைப் படிக்காதவர் இல்லை. ஜனம் நடந்த பாதையில் இந்தப் பிள்ளையும் நடக்கிறது, பாதிக் குடமாக இருந்த கதை இங்கே நிரம்புகிறது என்பது அவர் வாதம். ஏற்றுக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்பதையாவது சரியாகப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும்.

இப்போது ஏசாயாவுக்கு வருவோம். முதல் சந்தேகம், இயேசு செத்த பிறகு யாராவது எழுதி உள்ளே செருகிவிட்டார்களா என்பது. அதற்கு வழியில்லை. 1947இல் சவக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரான் குகைகளில், ஆடு மேய்க்கிற பெதுயின் பையன்களின் கண்ணில் சில ஜாடிகள் பட்டன. காணாமல்போன ஆட்டைத் தேடிப்போய்க் குகைக்குள் கல்லை எறிந்தார்கள், ஜாடி உடைகிற சத்தம் கேட்டது என்று கதையாகச் சொல்வார்கள். அதில் கிடைத்த ஏசாயா தோல்சுருள் பதினேழு தோல்களைச் சேர்த்துத் தைத்தது, ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கிறது. இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தையது. அதுவரை கையில் இருந்த மிகப் பழைய முழு எபிரேய வேதாகமப் பிரதி கி.பி. 1008ஐச் சேர்ந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல். 53ஆம் அதிகாரத்தை ஒப்பிட்டால் எழுத்து வித்தியாசங்கள் உண்டு. 11ஆம் வசனத்தில் சுருளில் "வெளிச்சம்" என்று ஒரு சொல் கூடுதலாக வருகிறது. விஷயம் மாறவில்லை.

ஆனால் "700 வருஷம்" என்ற கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏசாயா என்கிற தீர்க்கதரிசி எருசலேமில் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 40ஆம் அதிகாரத்திலிருந்து பாஷையும் சூழ்நிலையும் மாறுகின்றன. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடக்கிற ஜனத்தோடு பேசுகிறது. பாரசீக ராஜா கோரேசைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதனால் அந்தப் பகுதி கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கடவுளுக்குப் பேரை முன்கூட்டியே சொல்லத் தெரியாதா என்று கேட்டு, எல்லாம் ஒரே ஏசாயாதான் என்று நிற்பவர்களும் உண்டு. எனக்கு இதில் சண்டை இல்லை. 700 போய் 550 ஆனாலும் இயேசுவுக்கு முந்தையதுதான்.

அடுத்தது இதைவிடப் பெரிய கேள்வி: யாரைப் பற்றி எழுதியிருக்கிறது? அந்த அதிகாரத்தில் இயேசு என்ற பேர் இல்லை, சிலுவை என்ற சொல் இல்லை, யூதர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பரைக் குறிக்கிற மேசியா என்ற சொல்கூட இல்லை. "என் தாசன்" என்றுதான் இருக்கிறது. இந்தத் தாசனைப் பற்றி ஏசாயாவில் நான்கு பாட்டுகள் உண்டு: 42, 49, 50ஆம் அதிகாரங்களில் மூன்று, 52இன் கடைசியில் தொடங்கி 53 முழுக்க நான்காவது. 49:3இல் "இஸ்ரவேலே, நீ என் தாசன்" என்று வெளிப்படையாகவே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் யூதர்கள், நாடு நாடாகத் துரத்தப்பட்டு அடிபட்ட எங்கள் ஜனம்தான் இந்தத் தாசன் என்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டின் பெரிய உரைகாரர் ராஷி அப்படித்தான் எழுதினார். அவருக்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரிகேன் என்கிற கிறிஸ்தவ அறிஞரும், தன்னோடு வாதாடிய யூதர்கள் இதையே சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். ஆக இது நேற்று முளைத்த மறுப்பு இல்லை. இன்னொரு பக்கம், தர்கூம் என்கிற பழைய அரமேய விரிவுரை இந்தத் தாசனை மேசியா என்றே சொல்கிறது. ஆனால் அடியையும் அவமானத்தையும் அவர் மேலிருந்து எடுத்து மற்றவர்கள் மேல் வைத்துவிடுகிறது. அடிபடுகிற மேசியாவை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் வேதத்துக்குள்ளேயே ஒருவர் உங்கள் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம். எத்தியோப்பிய ராணியின் பொக்கிஷத்துக்கெல்லாம் பொறுப்பான மந்திரி ஒருவர் எருசலேமுக்குப் போய்விட்டு ரதத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறார். கையில் ஏசாயா சுருள். வனாந்தர வழி. பக்கத்தில் ஓடிவந்த பிலிப்பு என்கிற கிறிஸ்தவ ஊழியர், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார். மந்திரிக்குக் கோபம் வரவில்லை. ரதத்தில் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டு கேட்கிறார்: தீர்க்கதரிசி யாரைப் பற்றி இதைச் சொல்கிறார், தன்னைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா? அவர் வாசித்துக்கொண்டிருந்த இடம் இதே 53ஆம் அதிகாரம், ஆட்டுக்குட்டி வசனம். இயேசு செத்துக் கொஞ்ச காலம்கூட ஆகாத நேரத்தில், படித்த ஒரு மனுஷனுக்கு அந்தப் பாட்டு யாரைச் சொல்கிறது என்று தானாகப் புரியவில்லை. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆட்டுக்குட்டி வசனத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஒரு ஆட்டுக்குட்டியைப்போலவும், தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும்" அவர் வாய் திறக்கவில்லை என்கிறது. இது நம் ஊர்க்காரனுக்கு உரை தேவைப்படாத வசனம். வெள்ளாட்டைப் பிடித்தால் ஊரையே கூட்டிவிடும். சின்ன வயதில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் நேர்ந்துவிட்ட வெள்ளாட்டுக் கிடா ஒன்று இருந்தது. கொட்டகையிலிருந்து அவிழ்த்த நிமிஷத்திலிருந்து அது கத்திய கத்தலில் வேலிக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். செம்மறி அப்படி இல்லை. குறும்பை ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறதை நீங்கள் பார்த்திருக்கலாம். நாலு காலையும் சேர்த்துக் கட்டிச் சாய்த்துப் போட்டு, கத்தரி சரக் சரக்கென்று வயிற்றோரமாகப் போகும். அது கண்ணைத் திறந்துகொண்டு பேசாமல் கிடக்கும். கத்தரியா கத்தியா என்று அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் அதே மௌனம்தான். ஏசாயா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதைப் பார்த்தால், எழுதியவர் பட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். பின்னாலிருந்து பொருத்தியதா? ஆமாம், பின்னாலிருந்துதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. லூக்கா 24இல் எம்மாவு ஊருக்கு நடந்து போகிற இரண்டு சீஷர்கள், "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நாங்கள் நம்பியிருந்தோம்" என்கிறார்கள். நம்பியிருந்தோம், இப்போது இல்லை. ஏசாயா 53 அவர்களுக்குத் தெரியாத பாடமா? சின்ன வயதிலிருந்து ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்த புத்தகம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஒருத்தர்கூட "ஆகா, எழுதியது நடக்கிறது" என்று சொல்லவில்லை. எல்லாரும் ஓடினார்கள். மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்கிறது. அவர்களுக்கு முதலில் ஞாபகம் வந்திருக்கக்கூடிய வசனம் அதுதான்.

வேறு இடத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். நூறு வருஷம் கழித்து, 132 முதல் 135 வரை, பார் கோக்பா என்பவர் ரோமருக்கு எதிராகக் கலகம் செய்தார். பெரிய ரபியான, அதாவது யூத வேத குருவான அகிபாவே அவரை மேசியா என்று கொண்டாடினார். ரோமர் கலகத்தை நசுக்கினார்கள், அவர் செத்தார், அந்த நம்பிக்கையும் கூடவே செத்தது. யாரும் சுருளைத் திறந்து "செத்ததால்தான் அவர் மேசியா" என்று தேடவில்லை. இயேசுவின் ஆட்கள் தேடினார்கள். ஏன் தேடினார்கள் என்றால், உயிரோடு திரும்பக் கண்டோம் என்பது அவர்கள் சாட்சி. அந்தச் சாட்சி இல்லாவிட்டால் தேடவேண்டிய தேவையே வந்திருக்காது. அதை நம்புவதா இல்லையா என்பது இந்தப் பதிலுக்குள் அடங்காது.

தேடியபோது அவர்கள் கண்ணில் பட்டதை நான் இப்படிப் பார்க்கிறேன். 53ஆம் அதிகாரமே பின்னாலிருந்து பார்த்து எழுதிய பாட்டு. எபிரேயுவில் அதன் வினைகள் பெரும்பாலும் முடிந்துபோன காலத்தில் இருக்கின்றன. காயப்பட்டார், நொறுக்கப்பட்டார், சுமந்தார். பேசுகிறவர்கள் ஒரு கூட்டம்: "நாம்". அந்தக் கூட்டம் என்ன சொல்கிறது? "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." எண்ணினோம், தப்பாக எண்ணினோம், இப்போதுதான் தெரிகிறது, அந்த அடி நமக்கு விழவேண்டியது. ஒருத்தனைச் சாபக்கேடு என்று ஒதுக்கிவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொள்கிறவர்களின் பாட்டு அது. இயேசுவின் சீஷர்களான பேதுருவுக்கும் யோவானுக்கும் அது யாரோ எழுதிய பழைய ஏடாகத் தெரிந்திருக்காது. தங்கள் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தையாகத் தெரிந்திருக்கும். உங்கள் பெட்டிக்கும் இதற்கும் நான் காண்கிற வித்தியாசம் இங்கேதான். தண்ணீர் எத்தனையோ விஷயத்துக்குப் பொருந்தும். குற்றமில்லாத ஒருவர் வாய் திறக்காமல் மற்றவர்களுக்காக அடிபட்டுச் செத்து, அதற்கப்புறம் உயர்த்தப்படுகிறார், ஒதுக்கியவர்களே அதைப் பாடுகிறார்கள் என்பது அவ்வளவு சுலபமாக எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை இல்லை. ஆனால் ஒரு ஜனத்துக்குப் பொருந்தும் என்று யூதர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் பட்ட பாட்டைப் படித்தவன் அதை இளக்காரமாகப் பேசமாட்டான்.

எங்கள் ஆட்கள் மிகைப்படுத்துகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு தீர்க்கதரிசனம் நிறைவேறியது, எட்டு மட்டும் தற்செயலாக ஒருவரிடம் சேர்வதற்கான வாய்ப்பு ஒன்றுக்குப் பின்னால் பதினேழு சுழியம் போட்டால் வருகிற எண்ணில் ஒன்று என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். அந்தக் கணக்கை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. நற்செய்தி எழுதியவர்கள் பழைய ஏற்பாட்டைக் கரைத்துக் குடித்தவர்கள். அதன் வார்த்தைகளாலேயே கதையைச் சொன்னார்கள். அப்படி எழுதியதற்குச் சூதாட்டக் கணக்குப் போட முடியாது. எருசலேமுக்குள் கழுதைமேல் வந்தது, ராஜா கழுதைமேல் வருவார் என்கிற சகரியா 9:9ஐ மனதில் வைத்து இயேசுவே வேண்டுமென்று செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எபிரேயக் கவிதையில் ஒரே கழுதையை இரண்டு விதமாகச் சொன்னதை மத்தேயு கழுதையும் குட்டியுமாக இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது தனி வேடிக்கை. சங்கீதம் 22இல் "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" என்று நம் தமிழ் வேதத்தில் இருக்கிறதல்லவா, வழக்கமான எபிரேயப் பாடத்தில் அந்த இடத்தில் "சிங்கத்தைப் போல" என்று இருக்கிறது. ஒரு எழுத்தின் வால் நீளமா குட்டையா என்கிற வித்தியாசம். புதிய ஏற்பாடு அந்த வரியை ஒரு இடத்திலும் மேற்கோள் காட்டவில்லை. அதே சங்கீதத்தில் உடையைப் பங்குபோட்டுச் சீட்டுப்போடுகிற வரியைத்தான் யோவான் எடுக்கிறார்.

இரண்டாவது கேள்வி: எதற்கு ஒரு சாவு? இதற்குப் பலியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதில் நீங்கள் என்னைவிட அனுபவசாலி.

பஸ்கா என்பது இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கிற பண்டிகை; யாத்திராகமம் 12இல் பஸ்கா ஆட்டைப் பற்றி ஒரு விவரம் உண்டு. மாதத்தின் பத்தாம் நாள் ஒரு வயதுக் கடாவைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்மறியானாலும் சரி, வெள்ளாடானாலும் சரி. பதினாலாம் நாள் சாயங்காலம் அடிக்க வேண்டும். நடுவே நாலு நாள். கிடா நேர்ந்துவிட்டு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாலு நாள் என்ன என்று தெரியும். அதன் இரத்தத்தை ஈசோப்பு என்கிற செடியின் கொழுந்தால் நிலைக்காலிலும் மேற்சட்டத்திலும் தெளித்தார்கள். சாவு அந்த வீட்டைக் கடந்து போனது. எலும்பை முறிக்கக் கூடாது என்றும் விதி. யோவான் இதையெல்லாம் கவனமாக எடுத்துக்கொள்கிறார். சிலுவையில் இயேசுவுக்குக் குடிக்கக் காடியைக் கொடுத்தது ஈசோப்புத் தண்டில், அவர் காலெலும்பை முறிக்கவில்லை, தீர்ப்பு நடந்தது பஸ்காவுக்கு ஆயத்தநாளில். மற்ற மூன்று நற்செய்திகளிலும் பஸ்கா விருந்து முந்தின ராத்திரியே முடிந்துவிடுகிறது. நாள் கணக்கு ஒத்துவராததை ஒத்துவருகிற மாதிரி நான் பூசி மெழுகமாட்டேன். பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவதால் பெரிய வெள்ளியும் எப்போதும் ஒரு பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பல வருஷம் அது கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிற பங்குனி உத்திரப் பௌர்ணமியேதான்.

பஸ்கா ஆடு பாவத்துக்கான பலி இல்லை என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. பாவத்துக்கு இருப்பது லேவியராகமம் 16. அது வருஷத்தின் வேறொரு முனையில் வருகிற நாள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலைமேல் ஆசாரியன் இரண்டு கையையும் வைத்து ஜனத்தின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அதற்குப் "போக்காடு" என்று பேர். எவ்வளவு அழகான சொல்! போக்கிவிடுகிற ஆடு. விடுதலைக்கு ஒரு ஆடு, பாவத்துக்கு வேறு ஆடு. "உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானன் சொல்லும்போது இரண்டும் ஏசாயாவின் வாய் திறக்காத ஆட்டோடு கலந்து ஒன்றாகிவிடுகின்றன. நிறைவேறுவது என்று நான் சொன்னது இந்த மாதிரி. தனித்தனியாக ஓடின வாய்க்கால்கள் ஒரு மடைக்கு வந்து சேருகின்றன.

நம் கிடா வெட்டுக்கும் இதற்கும் ஒரு இடத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். அது சிலிர்த்து உடம்பை உதறினால் உத்தரவு கிடைத்துவிட்டது. உதறாவிட்டால் இன்னொரு சொம்புத் தண்ணீர், இன்னொரு வேண்டுதல். பெரியவர்கள் கைகூப்பி, குறை ஏதாவது இருந்தால் சொல்லு சாமி என்பார்கள். அந்த ஆட்டின் சம்மதம் இல்லாமல் வெட்டக்கூடாது என்கிற அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பச்சைத் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். அதற்கு விஷயம் தெரியாது. எபிரெயர் நிருபம் 10ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. காளை, வெள்ளாட்டுக்கடா இரத்தத்தால் பாவம் போகாது என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக இயேசுவின் வாயில் ஒரு வார்த்தையை வைக்கிறது: "இதோ, வருகிறேன்." தெரிந்து, பயந்து, பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இரத்தப் பெருந்துளிபோல வேர்வை விட்டு, ஆனாலும் வருகிறேன் என்று சொன்ன பலி. அதனால்தான் இனி வேறு பலி வேண்டாம், ஒரே தரம் போதும் என்கிறது.

கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே? எங்கள் அப்பா உபதேசியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒருவருக்கு 2,000 ரூபாய் கைமாற்றுக் கொடுத்திருந்தார். புரோநோட்டு இருந்தது. அந்த மனுஷனுக்குக் கடலைக்காய் வெள்ளாமை காய்ந்துபோய், கிணறும் வற்றி, ஒருநாள் திண்ணையில் வந்து பேசாமல் உட்கார்ந்தார். அப்பா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அவர் முன்னாலேயே நாலாகக் கிழித்துப் போட்டார். அவர் கடன் அன்றைக்குத் தீர்ந்தது. ஆனால் அந்த 2,000 ரூபாய் மாயமாகப் போய்விடவில்லை. அந்த வருஷம் என் பள்ளிக்கூடச் செலவுக்கு அம்மா கறவை எருமையை விற்றார். மன்னிப்பு என்றால் நஷ்டம் கை மாறுகிறது. பட வேண்டியவனிடமிருந்து மன்னிக்கிறவனுக்கு. கொலோசெயர் 2:14இல் நமக்கு எதிரான "கையெழுத்தை" சிலுவையில் ஆணியடித்தார் என்று, ஆரம்பச் சபைகளுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல் கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுக்கிற பத்திரத்தைக் குறிக்கும். நம் புரோநோட்டுதான்.

கோபக்காரத் தகப்பன் ஒன்றும் தெரியாத மகனைப் போட்டு அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான் என்று யாராவது சிலுவையை விளக்கினால், நானும் உங்களோடு எழுந்து வெளியே வந்துவிடுவேன். நஷ்டத்தை ஏற்றுக்கொண்டவர் கடவுளே என்பதுதான் சபையின் நம்பிக்கை. எப்படி என்பதைச் சபை ஒரே மாதிரி சொன்னதில்லை. ஆரம்பக் காலத்தவர்கள் மரணத்தையும் பிசாசையும் ஜெயித்தார் என்றார்கள். பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் என்கிற இறையியலாளர், கடவுளின் மகிமைக்குச் செலுத்தவேண்டிய ஈடு என்றார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் கால்வின் காலத்தில் அது கோர்ட்டுத் தண்டனையின் பாஷைக்கு மாறியது. பொந்தியு பிலாத்துவின் கீழ் இயேசு கொல்லப்பட்டார் என்பதைக் கிறிஸ்தவரல்லாத ரோம வரலாற்றாசிரியர் தசித்துவும் எழுதியிருக்கிறார். அதுவரைக்கும் வரலாறு கூட வரும். "நமக்காக" என்கிற சொல்லுக்கு வரலாற்றில் அத்தாட்சி கிடைக்காது; அது விசுவாசம்.

மூன்றாவது கேள்வி. ஆமாம், சம்பந்தம் உண்டு. ஒரே தரம் கொடுத்த பலி போதும் என்று நம்புகிறவருக்கு இன்னொரு பலியின் பங்கைச் சாப்பிடக் கை வராது. எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பவுலுக்கே இது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. கொரிந்து பட்டணத்தில் கோயிலில் படைத்த கறியும் கடையில் வரும். 1 கொரிந்தியர் 10இல் அவர் சொன்ன வழி: கடையில் வாங்கினால் எதையும் விசாரிக்காதே, யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. உங்கள் நண்பர் வந்ததும் இந்த வழிப்படிதான், கறியைத் தொடாததும் இந்த வழிப்படிதான்.

எங்கள் அப்பா எல்லாக் கிடா வெட்டுக்கும் போவார். பக்கத்துத் தோட்டத்து அம்மா அவருக்கென்று கறிச் சட்டி படாத அடுப்பில் அரிசியும் பருப்பும் ஆக்கி, "உபதேசியாருக்கு இது, யாரும் கை வெக்காதீங்க" என்று மூடி வைத்திருப்பார். பந்தியில் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார். அடுத்த நோம்பிக்கு உங்கள் வீட்டிலும் ஒரு சட்டி தனியாகப் போட்டுப் பாருங்கள்.